பஞ்சு ஓநாய்

ஓநாய் ஓட ஓட, அதன் முதுகிலிருந்து பஞ்சு உதிர்ந்துகொண்டே வந்தது.

திரையில் முழுநிலா. காங்கேயத்துப் பொட்டல் காடெங்கும் பால் வெளிச்சம். அதில் பஞ்சு, இந்தச் சீமையில் ஒருநாளும் பெய்யாத வெண்பனியைப் போல, அவசரமே இல்லாமல் மிதந்தது.

அரங்கம் சிரித்தது.

மில் முதலாளி திருமலைசாமிக்கு ஏசியிலும் வேர்த்தது.

நாற்பது வருஷத்துக்கு முன் சொந்தப் பணத்தைப் போட்டு, சொந்த மில்லின் கழிவுப் பஞ்சுக்கு அரைகுறையாகச் சாயமேற்றி உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு, அவரே ஓநாய் மனிதனாக நடித்த படம். 'பொம்பளைங்க மயங்கி விழுந்தாங்க' என்று சொல்லாமல் அவர் எந்தக் கல்யாணப் பந்தியிலும் இலை மடித்ததில்லை.

இப்போது படத்தைப் புதுப்பித்து, ஞாயிற்றுக்கிழமைக் காலைக்காட்சிக்குச் சொந்தபந்தம் அத்தனையையும் கூட்டி வந்திருந்தார். இன்றைக்கும் ஓர் உயிராவது பயந்தாக வேண்டும். இல்லையென்றால் பந்திப் பேச்செல்லாம் பொய்.

பின்வரிசையிலிருந்து பேத்தி பிரத்யுஷா கூவினாள்: "ஏனுங் தாத்தா, ஓநாய் தலகாணியக் கடிச்சுப்போட்டு வந்துருச்சுங்களா?"

மறுபடியும் சிரிப்பு. மில் மேனேஜர் மட்டும் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு மரியாதையாகக் குலுங்கினார்.

ஓநாய் ஊளையிட்டது. யார் வீட்டுக் குழந்தையோ பதிலுக்கு ஊளையிட்டது.

பக்கத்து இருக்கையில் மனைவி கோமளா. ஓநாய் ஆட்டைக் கிழித்தபோதுகூட அவள் கன்னத்தில் கைவைத்து, தாலாட்டுக் கேட்பவள்போல லயித்துத்தான் இருந்தாள். பஞ்சு பறப்பதைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தாள்.

திருமலைசாமி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து ஏதோ தோன்றி நிமிர்ந்தவர், அவளைப் பார்த்தார்.

கோமளாவின் கண்கள் இறுக மூடியிருந்தன. விரல்கள் இருக்கையின் கைப்பிடியைக் கவ்வியிருந்தன. மூச்சு வெளியே வரவில்லை.

அவருக்கு நெஞ்சு நிறைந்தது. எழுந்து நின்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டலாமா என்றிருந்தது.

"பயமாருக்குதா அம்மணி?" குனிந்து கிசுகிசுத்தார்.

கண்ணைத் திறக்காமலே அவள் தலையசைத்தாள்.

தன்னுடைய எந்தக் கோர முகம் அவளை இப்படி ஆட்டிவிட்டது என்று பார்க்க, அவர் ஆசையோடு திரைக்குத் திரும்பினார்.

ஓநாய் எப்போதோ போயிருந்தது. நிலா இறங்கி, பொழுது விடிந்திருந்தது. தலையைப் படிய வாரி, வெள்ளைச் சட்டையில், முகத்தில் ஒரு மயிரிழைகூட இல்லாமல், இளவயதுத் திருமலைசாமி வீட்டுக்குள் வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்தார்.