முன்சீற் இல்லாத ஒஸ்ரின்

“உந்த ஜீப்பை எனக்குச் சும்மா தந்தாலும் வேண்டாம் தம்பி.”

வாடகைக் கார் ஓடும் சிமியோன் இப்படிச் சொன்னபோது யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைச் சந்தியில் நின்ற எல்லோருடைய கண்ணும் அந்த ஜீப்பில்தான் இருந்தது. வெள்ளை நிறம், கறுப்புக் கண்ணாடி, உள்ளே குளிர்காற்று. ஒரு நிவாரண நிறுவனத்துக்காக ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தது. பெற்றோல் தடையால் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும் வாடகைக் கார்களுக்கு நடுவில் அது, செத்தவீட்டுக்குப் பட்டுவேட்டியோடு வந்தவரைப் போல நின்றது.

அதற்குச் சாரதி தேடித்தான் சோமசேகரம் வந்திருந்தார். கரவெட்டிக்காரர். நிறுவனத்தின் வாகனங்களுக்குப் பொறுப்பாகப் போன கிழமைதான் வேலை ஏற்றவர். மணலிலும் சேற்றிலும் ஓடத் தெரிந்த ஆள் யார் என்று கேட்ட இடமெல்லாம் சிமியோனின் பெயரையே சொல்லியிருந்தார்கள்.

“அண்ணை, பதிலை இண்டைக்கே சொல்லவேணும். நீங்கள் மாட்டியள் எண்டால் நான் வேறை ஆளைப் பாக்கவேணும்.”

“இதிலை யோசிக்க என்ன கிடக்கு?” என்று நடுவில் புகுந்தான் கனிசியஸ். ஊர்விட்டு வந்து, ஆறு மாதமாக இந்தச் சந்தியில் தன் மொறிஸ் மைனர் காரை நிறுத்துகிறவன். வாய் சும்மா இருக்காது. “நாலு சில்லும் இழுக்கும். திறப்பைத் திருப்பினால் ஸ்ரார்ட். எங்களைப்போலை காபரேற்றருக்கை ஒரு சொட்டுப் பெற்றோலை விட்டுப்போட்டு மாதாவைக் கும்பிடத் தேவையில்லை.”

“உயரம் கூட. வளைவிலை ஆட்டும்.”

“ஆட்டாது. றோட்டுக் கிடங்கிலை விழுந்தாலும் உள்ளுக்கை இருக்கிறவைக்குத் தெரியாதாம்.”

“இருக்கிறவைக்குத் தெரியாதுதான்,” என்றார் சிமியோன்.

சோமசேகரத்துக்குச் சிரிப்பு வந்தது. “கொழும்பிலை பெரிய பெரிய ஆக்கள் உதுக்குத் தவம் கிடக்கினம். டொக்டர்மார், முதலாளிமார், ஒருத்தரும் ஒரு பிழை சொன்னதில்லை. நீங்கள்தான் முதல் ஆள். என்ன குறை எண்டு சொல்லுங்கோவன்.”

“பின்னுக்கு இடம் காணாது.”

கனிசியஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஏழு பேர் இருக்கலாம், இவருக்கு இடம் காணாதாம். முன்சீற் இல்லாமல் கார் ஓடுறவற்றை கதையைப் பாருங்கோ.”

அது உண்மைதான். சிமியோனின் ஒஸ்ரின் காரில் சாரதிக்குப் பக்கத்துச் சீற் இல்லை. அந்த இடத்தில் ஒரு பலகை, அதன்மேல் பாய். சீற்றை விற்றுத் தின்றுவிட்டார் என்பது கனிசியஸின் எண்ணம். கேட்டால் சிமியோன் பதில் சொல்வதில்லை. இப்போதும் மற்றச் சாரதிகள் யாரும் அந்தச் சிரிப்பில் சேரவில்லை. கனிசியஸ் அதைக் கவனிக்கவில்லை.

“பகிடியை விடுங்கோ அண்ணை,” என்றான் சிரித்து முடித்து. “உங்கடை எஞ்சினை மண்ணெண்ணெய் திண்டு முடிச்சிட்டுது. இந்த மாரியைத் தாண்டாது. பிறகு என்ன செய்யப்போறியள்? மக்டலீன் அக்காவையும் நினைச்சுப் பாருங்கோ.”

சிமியோனுக்கு அது சுட்டது. விடிய வெளிக்கிடும்போது மனைவி மக்டலீனும் அதைத்தான் சொல்லியிருந்தாள்: ‘வேலை எண்டு வந்தால் ஓமெண்டு சொல்லிப்போடுங்கோ.’ ஓம் என்று சொல்லத்தான் அவரும் வந்திருந்தார். ஜீப்பைக் கண்டதும் வாய் மாறிவிட்டது.

அவர் எழுந்துபோய் ஜீப்பின் பின்கதவைத் திறந்தார். குனிந்து, சாண் வைத்து அளந்தார். பிறகு முன்பக்கம் வந்து, சாரதிக்குப் பக்கத்துச் சீற்றின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். ஆசை வந்துவிட்டது என்று சோமசேகரம் நினைத்தார்.

“தம்பி, இந்தச் சீற்றைக் கழட்ட விடுவியளோ? விட்டால் நாளைக்கே வாறன்.”

“என்ன அண்ணை, தோல் சீற் அது. கழட்டினால் என்ரை வேலை போயிடும்.”

“அப்ப வேறை ஆளைப் பாருங்கோ.”

சோமசேகரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்கள் உப்பிடி ஒரு ஜீப்பிலை ஒருநாளாவது ஏறியிருக்கிறியளோ? ஏறிப் பாக்காமல் குறை சொல்லக்கூடாது.”

சிமியோன் கதவை மெல்லச் சாத்தினார்.

“ஒருக்கா ஏறினனான். போன வருசம், கிளாலிக் கரையிலை. கொழும்பாலை வந்த என்ரை மகன், கடலிலை நேவி படகுக்குச் சுட்டதிலை வயித்திலை காயப்பட்டு இறங்கினவன். அவனைக் கூட்டிவரத்தான் காரோடை போய் நிண்டனான். முன்சீற்றைக் கழட்டிக் கரையிலை எறிஞ்சுபோட்டு, பிள்ளையை நேராக் கிடத்தினனான். அப்ப உப்பிடி ஒண்டு வந்து நிண்டுது. உதுதான் கெதியாப் போகும், குலுக்காது எண்டு, நான்தான் காலிலை விழாத குறையாக் கெஞ்சி அவனை உதுக்கை மாத்தினனான்.”

கனிசியஸ் சீற் இல்லாத ஒஸ்ரினைத் திரும்பிப் பார்த்தான்.

“ஆறடிப் பிள்ளை தம்பி. பின்சீற்றை மடிச்சும் நீளம் காணேல்லை. முழங்காலை மடக்கித்தான் கதவைப் பூட்டினம். சாவகச்சேரி வர, ‘அப்பா, காலை ஒருக்கா நீட்டட்டோ’ எண்டு கேட்டவன். ‘இடமில்லை ராசா, கொஞ்சம் பொறு’ எண்டனான். அதுக்குப் பிறகு அவன் ஒண்டும் கேக்கேல்லை.”