கேட்காமல் விட்ட கேள்வி

"நாயை அப்புறம் பாருங்க. முதல்ல இந்தம்மாவைப் பாருங்க," என்றார் பெரிய டாக்டர்.

கால்நடை மருத்துவமனையின் சிகிச்சை அறையில், மேசையைச் சுற்றி நின்ற இறுதியாண்டு மாணவர்கள் எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். அலுவலகத்துக்குக் கிளம்பிய கோலம். இஸ்திரி போட்ட சுடிதாரெல்லாம் ரத்தம். மேசை மேல் ஒரு செவலை நாய் பின்னங்கால் முறிந்து, முனகவும் தெம்பில்லாமல் கிடந்தது.

டாக்டர் அன்று தாமதமாகவும் கடுகடுவென்றும் வந்திருந்தார். மிருகங்களிடம் அவருக்குக் கோபமே வராது. அவற்றை வளர்ப்பவர்களைக் கண்டால்தான் இளக்காரம். 'வாலு' என்று பெயரெடுத்த மாணவிக்கு அந்த இளக்காரத்தின் மேல் தனி மயக்கம். அவரைப் போலவே உதட்டைச் சுழிக்கப் பழகி வைத்திருந்தாள். செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணும் அவர் கையில்தானே இருந்தது!

விசாரிக்கும் வேலையை டாக்டர் அவளிடம் தள்ளிவிட்டார். நாயின் பெயரைக் கேட்டாள். தெரியாது என்றாள் அந்தப் பெண். வயதும் தெரியவில்லை, தடுப்பூசி போட்டதா என்பதும் தெரியவில்லை. மாணவர்கள் வாய்க்குள் சிரித்தார்கள்.

"பேரு கூட வைக்கல. சோறாவது வச்சாங்களோ என்னவோ," என்றார் டாக்டர், எலும்பை நேராக்கிக்கொண்டே. தெருவில் அவிழ்த்து விட்டுவிட்டு, அடிபட்டதும் தூக்கிக்கொண்டு ஓடிவரும் ஜென்மங்களை அவர் எத்தனையோ பார்த்துவிட்டாராம். இதுகளுக்கு நாய் ஒரு கேடா என்று மாணவர்களிடம் கேட்டார்.

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முறிந்த கால் அவர் கையில் இருப்பதைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு நாயின் தலையைத் தடவிக் கொடுத்தாள். ரோஷம் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டாள் வாலு.

கட்டுப் போட்டாயிற்று. கால் பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். உதவியாளர் நாயை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

அப்போதுதான் வாலுவுக்கு உறைத்தது, முக்கியமான கேள்வியையே கேட்கவில்லை என்று. "எப்படி அடிபட்டுச்சு? அதையாவது பார்த்தீங்களா?" என்றாள், உதட்டைச் சுழித்து.

கை கழுவிக்கொண்டிருந்த அந்தப் பெண் நிதானமாகத் திரும்பினாள். அது தன் நாயே இல்லை என்றாள். காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது, கண்ணெதிரே ஒரு கார் அதை இடித்துவிட்டு நிற்காமல் போனதாம்.

"நிக்காம போயிட்டானா? அவனெல்லாம் ஒரு மனுஷனா?"

சொல்லிவிட்டு, பாராட்டுக்காக டாக்டரைப் பார்த்தாள் வாலு. அவர் ஏற்கெனவே மடித்திருந்த துணியை மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"கட்டு முடியட்டும்னுதான்மா வாயைத் திறக்கல," என்றாள் அந்தப் பெண். "ஓட்டிட்டு வந்தது உங்க சார்தான்."