பேசியவர்கள்

இன்றைக்கு எழுத மாட்டேன்.

பள்ளிக்கு வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். இப்போது சாக்பீஸ் கையில் இருக்கிறது.

டீச்சர் ஆபீசுக்குப் போயிருக்கிறார். அவர் வரும்வரை, பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும். எட்டாம் வகுப்பு லீடரின் வேலை அது.

"ஏட்டி லீடரு, இசக்கி பேசுதா. எழுது."

கடைசி பெஞ்சிலிருந்து பிரதிபா.

வகுப்பு களுக்கென்று சிரித்தது.

இசக்கி பேசவில்லை. அவள் எப்போதுமே பேசுவதில்லை. வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே சிக்கிக்கொள்ளும். "பேசுனியா?" என்று டீச்சர் கேட்பார். 'இல்லை' வெளியே வருவதற்குள் ஸ்கேல் இறங்கிவிடும்.

எல்லோரும் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். அந்த "இ... இ..."க்காக.

நான்கு நாளாக அந்தப் பெயரை எழுதியது லீடரான இவள்தான். குண்டு குண்டாக, அழகான கையெழுத்தில்.

ஜூன் மாதம் இசக்கி வந்து சேரும்வரை, வகுப்பு சிரித்தது இவளைப் பார்த்து.

"எழுதலன்னா ஒனக்குத்தான் இருக்கு, பாத்துக்கோ."

இவள் எழுதவில்லை. சாக்பீஸ் வேர்வையில் பிசுபிசுத்தது.

அடிக்குத் தயாராக உள்ளங்கையைத் துணியில் தேய்த்துக்கொண்டிருந்த இசக்கி, தேய்ப்பதை நிறுத்தினாள். இவளை நிமிர்ந்து பார்த்தாள்.

முதல்முறையாக.

டீச்சர் வந்தார். பலகையில் ஒன்றுமில்லை.

"பரவால்லியே. ஒருத்தியும் பேசலையா?"

"இசக்கி பேசுனா டீச்சர்!"

பத்துப் பன்னிரண்டு குரல்கள்.

கூப்பிடுவதற்கு முன்பே இசக்கி எழுந்து வந்து மேசையருகே நின்றாள்.

"பேசுனியா?"

அவள் உதடுகள் அந்தச் சொல்லைத் தேடத் தொடங்கின. பெஞ்சுகளில் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள்.

இன்று டீச்சர் ஸ்கேலை ஓங்கவில்லை. பலகையைப் பார்த்தார். பிறகு இவளை.

"நீதான முன்னால நின்ன. நீ சொல்லு. பேசுனாளா?"

ஒரே ஒரு சொல்தான். இசக்கிக்கு வராதது இவளுக்கு வரும்.

இசக்கி இவள் வாயையே பார்த்தாள்.

பிரதிபாவும்.



சாக்பீஸைப் பலகையின் கீழ்விளிம்பில் வைத்தாள். விரல்களில் ஒட்டியிருந்த வெள்ளையைத் துடைத்தாள்.

"நான் பாக்கல டீச்சர்."

ஓர் எழுத்தும் தடுக்காமல் வந்தது.