இரண்டு சொர்ணத்தாய்கள்

கோவில்பட்டி நீதிமன்றத்தில் அன்று இரண்டு சொர்ணத்தாய்கள். எழுபத்தெட்டு வயதில் ஒருவர் வயர்கூடையோடு நின்றார். இன்னொருவர் அவருடைய தங்கை மகன் ஜெபராஜின் கைப்பேசிக்குள் இருந்தார்.

"பெரியம்மாவுக்கு எதுக்கு அலைச்சல்?" என்று அவன் செய்துகொடுத்த செயற்கை நுண்ணறிவு நகல் அது. அச்சு அசலாக அவர் குரலில் பேசும். அவருக்காகக் கையெழுத்துப் போடும், சட்டப்படி செல்லும். போன மாதம் அது சொர்ணத்தாயின் வீட்டையே ஜெபராஜின் நண்பனுக்கு, அவன் கேட்ட விலைக்கே விற்றுவிட்டது. வீட்டைக் காலி செய்ய ஆள் வந்த பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது.

"ரெண்டு பேருக்கும் எள்ளளவும் வித்தியாசம் கிடையாதும்மா. பெரியம்மா மனசைத்தான் நகல் செஞ்சிருக்கு," என்றான் ஜெபராஜ்.

நீதிபதி அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "அப்படின்னா ரெண்டு பேரும் ஆளுக்கு ஐயாயிரம் கட்டணம் கட்டுங்க."

"சரிங்கம்மா, கட்டிடுதேன்," என்றது நகல்.

"ஐயாயிரமா! பகல் கொள்ளையால்லா இருக்கு? ஆயிரம்னா சொல்லுங்க, இல்லன்னா நான் கெளம்புதேன்," என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார் சொர்ணத்தாய்.

ஜெபராஜின் முகம் செத்துவிட்டது. காரியம் சட்டென்று முடியட்டும் என்று நகலிலிருந்து அந்தப் பேரம் பேசும் வாயை எடுத்துவிட்டவன் அவன்தான்.

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "திரும்பி வாங்கம்மா, கட்டணமெல்லாம் ஒண்ணும் கிடையாது. நீங்களாவது, கேட்ட விலைக்கு வீட்டை விக்கிறதாவது! விற்பனை செல்லாது. ஜெபராஜுக்கு ஆறு மாசம் ஜெயில்."

சொர்ணத்தாய் கும்பிட்டார். ஆனால் நகரவில்லை.

"கொசுறா ஒரு மாசம் சேத்துப் போடக்கூடாதாம்மா?"