கோட்டுக்கு அந்தப் பக்கம்

“கோட்டைத் தாண்டாதே! எத்தனை தடவை சொல்றது?”

பெரியவள் போட்ட சத்தத்தில் சின்னவள் முன்னே வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நடுக்கதவுக்கு முன்னால் தரையில் சாக்பீஸால் கிழித்த ஒரு கோடு. அதற்கு அந்தப் பக்கம், பெரியவளின் தோளில் கிடந்து வீறிட்டுக்கொண்டிருந்தது சின்னவளின் ஆறு மாதக் குழந்தை.

“பசிக்குதுக்கா அதுக்கு. மாஸ்க் போட்டுக்கிட்டுப் பால் குடுக்கலாம்னு டாக்டரே சொன்னாரில்ல?”

“அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவார். மாஸ்க் நழுவினா அவரா வந்து பிடிப்பார்? பாலை எடுத்துப் பாட்டில்ல ஊத்தி ஜன்னல்ல வச்சிட்டுத் தள்ளிப் போ. பேசாதே. உன் குரலக் கேட்டா இது இன்னும் அழுவுது.”

“பிறந்த அன்னைக்கே தடுப்பூசி போட்டோமேக்கா...”

“காசநோய் மூளைக்குப் போகாம அது காக்கும், நெஞ்சுக்கு முழு உத்தரவாதம் இல்லைன்னு வார்டுல எல்லாருக்கும் பாடம் எடுக்கறவ நீதானே? உன் பிள்ளைன்னா மட்டும் மறந்துடுமா?”

சின்னவள் பாட்டிலை எடுக்கப் போனாள். அவள் காசநோய் வார்டில் நர்ஸ். கணவன் வேலை பார்ப்பது வெளியூரில். அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் அக்கா. வீட்டில் இருவரும் ஷிப்ட் மாற்றி மாற்றிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு எப்படியோ ஓட்டி வந்தார்கள்.

ஆஸ்பத்திரி ஊழியர் எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒரு முறை நெஞ்சுப் படம் எடுப்பார்கள். இந்த முறை, குழந்தையிடம் ஓட வேண்டுமென்று சின்னவள்தான் முதல் ஆளாக வந்து நின்றாள். பெரியவள் படத்தில் பதியும் ஒன்றாம் எண்ணை மாட்டினாள். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தங்கையைப் பொத்தானை அமுக்கச் சொல்லித் தானே நின்று ஒரு படம் எடுத்தாள். அந்தச் சோதனைப் படத்தையே தன் வருஷப் படமாகவும் கணக்கில் சேர்த்துவிடுவது அவள் வழக்கம். பிறகு தங்கையை நிறுத்தி, “மூச்சை இழு, பிடி, விடு” என்று எடுத்து அனுப்பினாள்.

படங்களைக் கழுவிக் காயவைத்தபோதுதான் பார்த்தாள். தங்கையின் வலது நெஞ்சின் உச்சியில், பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் ஒரு வெள்ளை. அதை உறையில் போட்டு, அவளே டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போனாள்.

“சளிப் பரிசோதனை வரட்டும். அதுவரைக்கும் மாஸ்க் போட்டுக்கிட்டுப் பால் குடுங்க, ஜாக்கிரதையா இருங்க” என்று மட்டும்தான் டாக்டர் சொன்னார். கோடு கிழித்தது பெரியவளின் சொந்தச் சட்டம். லீவு போட்டாள். குழந்தையோடு உள்ளறைக்குள் போய் நடுக்கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கையின் மூச்சுக்காற்று இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதென்று கதவிடுக்கில் துணியைச் செருகினாள். இரவு பகலாகக் குழந்தை அவள் கழுத்தடியிலேயே கிடந்தது.

நடுவில் ஒரு நாள், லீவு லெட்டரை வாங்கிப் போக ஆஸ்பத்திரி ஆயா வந்தாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“உடம்பு சரியில்லாதது தங்கச்சிக்குன்னாங்க. உருகிப் போனது நீங்களா இருக்கு! சட்டை தோள்ல நிக்க மாட்டேங்குதே!”

“இதைத் தூக்கிக்கிட்டு விடிய விடிய நடந்து பாருங்க ஆயா. நீங்களும்தான் உருகுவீங்க.”

வெளியறையில் சின்னவள் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே குழந்தை அழும்போதெல்லாம் அவள் மார்பு நனைந்தது. எழுந்து போக முடியாது. குரல் கொடுக்கவும் முடியாது. சில சமயம் காதைப் பொத்திக்கொண்டாள். அக்கா செய்வது தன் பிள்ளைக்குத்தானே என்று நினைத்து, கோபப்படவும் முடியாமல் இருந்தாள்.

பத்தாம் நாள் மதியம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

“அக்கா, கதவைத் திற.”

பெரியவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். குழந்தை அவள் தோளில் அரைத் தூக்கத்தில் இருந்தது.

“மூணு தடவை சளி எடுத்தாங்க. மூணுலயும் கிருமி இல்ல. டாக்டருக்குச் சந்தேகம் வந்து, இன்னிக்கு மறுபடியும் படம் எடுத்தார். என் நெஞ்சு சுத்தமா இருக்கு.”

பெரியவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “அப்பாடா! நான் பிடிச்ச பிடி வீண் போகலை. கேட்டியாடி செல்லம்? அம்மாவுக்கு ஒண்ணுமில்லையாம்!” குழந்தையின் கன்னத்தோடு கன்னம் வைத்து அழுத்தி முத்தமிட்டாள். வாயில் முத்தமிட்டாள்.

சின்னவள் சிரிக்கவில்லை.

“அந்த மாதிரி நிழல் பத்து நாள்ல மறையாதாம். அன்னைக்கு எடுத்த படங்களை எல்லாம் எடுத்துப் போட்டுப் பார்த்தோம். உனக்கும் எனக்கும் நம்பரை மாத்தாமலே ரெண்டு படம் எடுத்திருக்கோம்கா.”

குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த பெரியவளின் கை மெல்ல நின்றது.

“பாப்பாவைக் கட்டில்ல போட்டுட்டு, நீ வெளிய வாக்கா.”