அறைக்கு நான்கு பெயர்

அரசு மருத்துவக் காப்பீட்டில் வீட்டின் ஓர் அறைக்கு நான்கு பெயர்தான் சேர்க்கலாம். எஸ்தரின் வீடு ஒற்றை அறை. கைக்குழந்தையோடு ஐந்து பேர்.

"யாராச்சும் ஒருத்தர எடுத்தாத்தான் பாப்பாவச் சேக்க முடியும்க்கா," என்றாள் பதிவு செய்ய வந்த பெண்.

எஸ்தருக்குச் சர்க்கரை, கணவனுக்கு நெஞ்சுவலி, சின்னவனுக்கு வலிப்பு.

"என்னைய எடுத்துருங்கம்மா. எனக்குத்தான் காய்ச்சலே வராதே," என்றாள் பத்து வயது பியூலா.

வந்தவள் நீட்டிய கைபேசித் திரையில் எஸ்தர் விரலை வைத்தாள். மகளின் பெயர் போய்விட்டது. அந்தப் பெண் எதிர் மாடிவீட்டுக்குப் போனாள். அங்கே ஆறு அறை, இரண்டே பேர்.

சாயங்காலம் தெருப்பிள்ளைகள் பியூலாவைக் கபடிக்குக் கூப்பிட்டார்கள்.

"நான் வரல. விழுந்துட்டா என்ன செய்ய?" என்று அவள் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

எஸ்தர் உலையில் அரிசியைப் போட்டாள்.