பதிமூணாவது பேர்

மூன்றாவது தடவையாக அந்தக் காகிதத்தை நீட்டினான் ஒச்சப்பன்.

"ஒரே ஒரு கையெழுத்துடா. கைவலியா, கால்வலியா உனக்கு?"

கால்வலிதான். பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி, மீன் மார்க்கெட் ஐஸைத் துண்டில் சுற்றி முட்டியில் வைத்திருந்தான் இருதயநாதன். பதினாலு வருஷம் மெயின்லேண்ட் டீம்களுக்காகச் சம்பளத்துக்கு பாஸ்கெட்பால் ஆடித் தேய்ந்த முட்டி. இப்போது தீவுப் பிள்ளைகளுக்குக் கோச்.

"முடியாதுடா. மன்னிச்சுக்க."

ஒச்சப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது. காலை ஐந்து மணியிலிருந்து சாத்தம் துறைக்கும் பாம்பூஃப்ளாட் துறைக்கும் ஓடுகிற ஃபெர்ரியில் கயிறு கட்டி அவிழ்த்த உடம்பு. வீட்டில் சாய வேண்டிய நேரத்தில் குட்வில் எஸ்டேட் மேடேறி வந்து கெஞ்சுகிறான். தனக்கா கேட்கிறான்? மகள் சௌமியாவுக்கு.

பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண்கள் டீம் அடுத்த வாரம் சென்னைக்குக் கப்பல் ஏறுகிறது. அங்கே நன்றாக ஆடினால் அகாடமியில் சேர்த்துக்கொள்வார்கள். சாப்பாடு, படிப்பு, பிறகு வேலை. பன்னிரண்டு பேர் லிஸ்டில் கடைசிப் பெயர் சௌமியா. ஒரே சிக்கல், அவளுக்குப் பதினேழு முடிந்துவிட்டது. அதற்குத்தான் நாயாய் அலைந்து, இரண்டு வயதைக் குறைத்து ஒரு சர்டிபிகேட் வாங்கியிருந்தான். அதில் கோச் கையெழுத்துப் போட்டால் போதும்.

"ஊர்ல யாருடா குறைக்காம ஆடுறான்?"

"குறைக்கத்தான் செய்றாங்க."

"அப்புறம் என்ன?"

"அடுத்த வருஷம் பெரிய டீம்ல எடுத்துக்கறேன்."

"அங்க அகாடமிக்காரன் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். சும்மா சமாதானம் சொல்லாத."

காகிதத்தை ஸ்டூலில் அறைந்து வைத்தான். ஐஸ் தண்ணீர் அங்கேயும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அரே, மறந்துட்டியா? ரங்கத்ல இருந்து வெறுங்காலோட எங்க ஸ்கூலுக்கு வந்தவன் நீ. மொத மேட்ச்சுக்கு மெயின்லேண்ட் போனப்ப யார் ஷூடா போட்டுட்டுப் போன? எங்கப்பா வாங்கிக் குடுத்த புது ஷூ. லிஸ்ட்ல என் பேர் இல்லன்னதும் அழுதுக்கிட்டே கழட்டிக் குடுத்தேன். ஹார்பர்ல நின்னு கப்பல் மறையற வரைக்கும் கை காட்டினேன்."

"மறக்கலடா."

"மறக்காதவன் பண்ற வேலையா இது? உனக்கு பேப்பர்ல போட்டோ, மாசச் சம்பளம். எனக்குக் கயிறு. என் பொண்ணாவது போகட்டும்னு வந்தா, பெரிய அரிச்சந்திரன் மாதிரி பேசற!"

இருதயநாதன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அன்னிக்கு எனக்கு வயசு பதினெட்டுடா."

"என்ன உளர்ற? அது பதினாறுக்குள்ள இருக்கறவங்க டீம்."

"சர்டிபிகேட்ல பதினஞ்சு. எங்கப்பா மூணு வயசைக் குறைச்சு வாங்கிட்டு வந்தார். ஸ்கூல் கேம்ஸ் மாஸ்டரும் கையெழுத்துப் போட்டுட்டார். நான் உள்ள வந்ததால வெளியே போன பதிமூணாவது பையன் யாருன்னு, கப்பல்ல வச்சுத்தான் எங்கிட்ட சொன்னார்."

"யாரு?"

"நான் உன் ஷூவை மட்டும் போட்டுட்டுப் போகலடா, ஒச்சப்பா. உன் இடத்தையும் சேர்த்துத்தான் எடுத்துட்டுப் போனேன்."

கீழே ரோட்டில் பஸ் ஒன்று மூச்சுத் திணறி மேடேறியது.

ஒச்சப்பன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. முப்பது வருஷம்! ஓங்கி ஒரு அறை விடலாமா என்றுகூடத் தோன்றியது. உடம்பில் தெம்பில்லை.

"ஏன்டா இத்தனை நாள் சொல்லல?"

"பயம்தான். உன் மூஞ்சில எப்படி முழிக்கறது?"

ஒச்சப்பன் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனான். காகிதம் ஸ்டூலிலேயே நனைந்து கிடந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

"இப்ப பதிமூணாவதா நிக்கறது யாரு?" திரும்பாமலே கேட்டான்.

"ஜெயலட்சுமின்னு ரங்கத் பொண்ணு. பதினாலு வயசு."

கேட்டைத் திறந்த ஒச்சப்பன் திரும்பிப் பார்த்தான்.

"அதுக்கு ஷூ இருக்காடா?"